வங்கி சொல்வது ஒன்று, மென்பொருள் சொல்வது ஒன்று: ப்ராப்டெக் கணக்கில் கோளாறை எங்கே தேடுவது

ப்ராப்டெக் நிறுவனம் (வீடு, கட்டட வாடகை நிர்வாகத்தை மென்பொருளால் நடத்தும் நிறுவனம்) சின்னதாக இருக்கும்வரை கணக்கில் பெரிய சிக்கல் வராது. ஒரு நிறுவனம், ஒரு வங்கிக் கணக்கு, நாற்பது ஐம்பது வீடுகள் என்றால் கணக்காளர் ஒருவரே எல்லாவற்றையும் கண்ணால் பார்த்துவிடுவார். வீடுகள் 400 ஆகி, கட்டடத்துக்கு ஒரு துணை நிறுவனம் என்று ஆறேழு முளைத்து, வாடகை வசூலுக்கு ஒரு செயலி, பராமரிப்புக்கு இன்னொரு செயலி, ஆன்லைன் பணத்துக்கு ஒரு பேமென்ட் கேட்வே, இவை எல்லாம் வந்து சேரும் இடமாக ஒரு கிளவுட் கணக்கு மென்பொருள் என்று ஆனபிறகுதான் மாதக் கடைசி வந்தாலே வயிற்றைக் கலக்கும். எண் ஒத்துப்போகாது, எங்கே பிசகியது என்றும் தெரியாது.

இப்படிப்பட்ட நிறுவனங்களுக்கு மாதக் கணக்கு முடித்துக் கொடுப்பதுதான் என் வேலை. அடிக்கடி பார்க்கும் கோளாறுகளை அறிகுறி வாரியாகக் கீழே எழுதியிருக்கிறேன், உங்களுடையது எதுவோ அங்கே நேராகப் போய்விடலாம். அதற்கு முன் ஒரே ஒரு விஷயம். வித்தியாசத்தைக் கண்டதும் சரிக்கட்டுப் பதிவு போடாதீர்கள். 1,110 குறைகிறதா, "இதர செலவு" என்று ஒரு ஜர்னல் போட்டு மூடிவிடலாம் என்று கை துறுதுறுக்கும். போட்டால் அந்தத் தொகை ஆயிரம் வரிகளுக்கு நடுவில் கரைந்துவிடும், காரணம் அப்படியே இருக்கும், அடுத்த மாதம் வேறொரு தொகையாகத் திரும்ப வரும். காரணம் தெரியும்வரை அதை அனாமத்துக் கணக்கில் (விளங்காத தொகைகளைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் கணக்கு) வையுங்கள். எந்தத் தேதி, எந்த வங்கி வரி, யார் தேடுகிறார்கள் என்று குறிப்பும் எழுதுங்கள். அனாமத்தில் கிடந்தால் மாதாமாதம் யாராவது ஒருவர் கேட்பார்கள்.

வங்கியில் வந்த தொகையும் வாடகை வசூலும் ஒத்துப்போகவில்லை

வருகிற புகார்களில் இதுதான் அதிகம். பெரும்பாலும் காரணம் கேட்வே பணத்தை மொத்தமாக, கழிவு போக அனுப்புவதுதான். ஒரு நாள் வசூலை எடுத்துக்கொள்வோம். மூன்று வாடகைதாரர்கள் 18,000, 22,500, 15,000 கட்டுகிறார்கள். மொத்தம் 55,500. கேட்வே கட்டணம் 2 சதவீதம் என்றால் 1,110 கழிந்து 54,390 வங்கிக்கு வரும். அதுவும் அன்றே வராது, ஓரிரு வேலைநாள் கழித்து ஒரே வரியாக வரும். போன வாரம் யாருக்கோ 4,000 திருப்பிக் கொடுத்திருந்தால் அதையும் இதிலேயே கழித்துக்கொண்டு 50,390 என்று அனுப்புவார்கள். வங்கி ஸ்டேட்மென்டில் 50,390 என்ற எண்ணைப் பார்ப்பவருக்கு 18,000, 22,500, 15,000 எதுவும் நினைவுக்கு வராது. மென்பொருளின் தானியங்கிப் பொருத்தமும் அதே இடத்தில்தான் தடுக்கி விழும். ஜோடி கிடைக்காத வரிக்கு "புதிய வரவாகப் பதியலாமா?" என்று அது கேட்கும், அவசரத்தில் யாரோ "சரி" என்று அழுத்துவார்கள். வாடகை பில் போட்டபோதே வருமானம் பதிவாகியிருக்கிறது, இப்போது அதே பணம் இரண்டாவது முறையும் வருமானமாகிறது. அந்தப் பக்கம் மூன்று வாடகைதாரர்களும் இன்னும் பாக்கி வைத்திருப்பதாகக் காட்டும், அவர்களுக்கு நினைவூட்டல் மின்னஞ்சலும் போகும். கட்டிய பணத்தை மறுபடி கேட்டால் யாருக்குத்தான் கோபம் வராது?

இதற்குத் தீர்வு நடுவில் ஓர் இடைக்கணக்கு வைப்பது. கேட்வே பெயரிலேயே தனியாக ஒரு கணக்கு திறந்துகொள்ளுங்கள். வாடகைதாரர் கட்டியதும் முழுத்தொகை 55,500 இடைக்கணக்கில் பற்று, வாடகைதாரர் கணக்கில் வரவு. செட்டில்மென்ட், அதாவது கேட்வே அனுப்பும் பணம், வங்கிக்கு வந்ததும் இடைக்கணக்கிலிருந்து 50,390 வங்கிக்கு, 1,110 கட்டணச் செலவுக்கு, 4,000 திருப்பிக் கொடுத்த வாடகைதாரர் கணக்குக்கு. மூன்றையும் கூட்டினால் 55,500, இடைக்கணக்கு பூஜ்யம். பூஜ்யமாகாமல் எது மீந்தாலும் அதுதான் நீங்கள் தேட வேண்டிய தொகை. மாதக் கடைசியில் மட்டும் இது பூஜ்யமாக இருக்காது, ஏனென்றால் 30, 31 தேதிகளில் கட்டியவை அடுத்த மாதம்தான் வங்கிக்கு வரும். அந்த மீதியை கேட்வேயின் "நிலுவையில் உள்ளவை" பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள், ஒத்துப்போனால் போதும்.

பல நிறுவனங்கள் ஒரே கேட்வே கணக்கைப் பகிர்ந்தால் சிக்கல் இரட்டிப்பாகும், எந்த நிறுவனத்தின் வாடகை எந்த வங்கிக்குப் போனது என்று பிரிக்கவே பாதி நாள் போய்விடும். முடிந்தால் நிறுவனத்துக்கு ஒரு கேட்வே கணக்கு வாங்கிவிடுங்கள்.

ஒரே ரசீது இரண்டு முறை பதிவாகிறது

கேட்வே உங்கள் மென்பொருளுக்குத் தகவல் சொல்வது வெப்ஹூக் வழியாக, அதாவது பணம் கட்டப்பட்டதும் தானாகவே போகும் ஒரு செய்தி வழியாக. வெப்ஹூக்கின் வழக்கம் "குறைந்தது ஒரு முறையாவது சேர்ப்பது" என்பது, "ஒரே ஒரு முறை சேர்ப்பது" அல்ல. அது தகவலை அனுப்பி, உங்கள் பக்கம் கிடைத்ததற்கான பதில் சில விநாடிகளுக்குள் வராவிட்டால், போய்ச் சேரவில்லை என்று நினைத்து மறுபடி அனுப்பும். உங்கள் பக்கம் ரசீது போட்டுவிட்டுப் பதில் சொல்லத் தாமதித்திருந்தால் அவ்வளவுதான், இரண்டு ரசீது. 1ஆம் தேதி காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் வாடகை கட்டும்போது இது அதிகம் நடக்கும்.

இரண்டு ரசீதுகளையும் பக்கத்தில் வைத்து, கேட்வேயின் பரிவர்த்தனை எண்ணைப் பாருங்கள். ஒரே எண் என்றால் வெப்ஹூக் கோளாறு. வேறு வேறு எண் என்றால் வாடகைதாரரே பொத்தானை இரண்டு தடவை அழுத்திப் பணமும் இரண்டு தடவை போயிருக்கிறது, அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளவே கூடாது. ஒன்றில் பிழையான பதிவை எதிர்ப்பதிவு போட்டு நீக்கினால் முடிந்தது, மற்றதில் ஒருவரின் உண்மையான பணம் உங்களிடம் மாட்டிக்கொண்டிருக்கிறது. பதிவை அழிக்காதீர்கள், எதிர்ப்பதிவுதான் போட வேண்டும், இல்லாவிட்டால் நாளை தணிக்கையாளர் கேட்கும்போது காட்ட ஒன்றும் இருக்காது. நிரந்தரத் தீர்வு நிரல் எழுதுபவர் கையில்: அந்தப் பரிவர்த்தனை எண் ஏற்கெனவே பதிவில் இருந்தால் இரண்டாவதை ஏற்காமல் "கிடைத்தது" என்று மட்டும் பதில் சொல்ல வேண்டும். அரை நாள் வேலைதான், கேட்டு வாங்கிவிடுங்கள்.

வித்தியாசம் சின்னது, ஆனால் விடாமல் வருகிறது

வித்தியாசத் தொகையே பல சமயம் காரணத்தைச் சொல்லிவிடும். அது 9ஆல் மீதியின்றி வகுபட்டால் எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம்: 5,400ஐ 4,500 என்று கையால் அடித்தால் வித்தியாசம் 900. வித்தியாசத்தைப் பாதியாக்கிப் பாருங்கள், அந்தப் பாதித் தொகையில் ஒரு பதிவு இருந்தால் அது தப்பான பக்கத்தில் ஏறியிருக்கும். திருப்பிக் கொடுத்த 7,200ஐ வரவாக இறக்குமதி செய்துவிட்டால் வித்தியாசம் 14,400 காட்டும். பழைய கால முறையாக இருந்தாலும் இந்த இரண்டு சோதனையும் எனக்கு எத்தனையோ மாலைகளை மிச்சப்படுத்தியிருக்கின்றன.

0.01, 0.02 என்று வந்தால் அது பங்கிடும்போது வருவது. 10,000 பராமரிப்புச் செலவை 7 வீடுகளுக்குப் பிரித்தால் ஆளுக்கு 1,428.57, ஏழையும் கூட்டினால் 9,999.99. அந்தக் கடைசி 0.01ஐ ஒரு வீட்டில் ஏற்றும்படி மென்பொருளில் அமைப்பு இருக்கும், அதை இயக்கிவிடுங்கள்.

சரியாக 100 மடங்கு வித்தியாசம் என்றால் நாணயத்தின் சில்லறையைப் பாருங்கள். கேட்வேக்கள் பெரும்பாலும் தொகையை மிகச் சிறிய அலகில் அனுப்பும், வாங்கும் பக்கம் 100ஆல் வகுத்துக்கொள்ளும். ஜப்பானிய யென்னுக்குச் சில்லறையே கிடையாது, அதையும் 100ஆல் வகுத்தால் 18,000 யென் 180 ஆகிவிடும். குவைத் தினாருக்கோ மூன்று தசம இடம், அங்கே 1,000ஆல் வகுக்க வேண்டும். வெளிநாட்டில் முதல் கட்டடம் எடுக்கும் நிறுவனங்கள் முதல் மாதமே இதில் இடறும்.

இன்னொரு வகை, வாடகைதாரர் மாத நடுவில் குடிவந்தது. மாத வாடகை 30,000, 31 நாள் மாதத்தில் 12ஆம் தேதி வருகிறார், 20 நாள் வாடகை. மாதத்தின் உண்மையான நாட்களால் வகுத்தால் 19,354.84. மாதம் என்றால் 30 நாள் என்று வைத்தால் 20,000. ஆண்டு வாடகையை 365ஆல் வகுத்தால் 19,726.03. வாடகைச் செயலி ஒரு முறையிலும் கணக்கு மென்பொருள் இன்னொரு முறையிலும் போட்டால், ஒவ்வொரு புதுக் குடித்தனத்துக்கும் ஒரு வித்தியாசம் பிறக்கும். இதில் எது சரி என்று மென்பொருளைக் கேட்காதீர்கள், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் சரி.

வங்கியில் பணம் நிறைய இருக்கிறது, ஆனால் டெபாசிட் கணக்கு உதைக்கிறது

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். மற்றதெல்லாம் உங்கள் பணத்தின் கணக்கு, இது அடுத்தவர் பணத்தின் கணக்கு. வாடகைதாரர் கொடுத்த டெபாசிட் உங்கள் வருமானமே அல்ல, திருப்பித் தர வேண்டிய பொறுப்பு. உரிமையாளருக்காக நீங்கள் வசூலித்த வாடகையும் அப்படித்தான், உங்களுக்குரியது நிர்வாகக் கட்டணம் மட்டும். பல நாடுகளில் இந்தப் பணத்தைத் தனி வங்கிக் கணக்கில்தான் வைக்க வேண்டும் என்றே சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாத இடத்திலும் நான் தனியாகத்தான் வைக்கச் சொல்வேன். ஒரே கணக்கில் கலந்து கிடந்தால் சம்பளம் போடும் நாளில் இருப்பைப் பார்த்து "பணம் இருக்கிறதே" என்று தோன்றும், அந்த நினைப்பில் யாரோ ஒரு குடும்பத்தின் டெபாசிட் கரைந்துபோகும்.

இதைச் சோதிக்க மூன்று எண்களை எடுங்கள். டெபாசிட் வங்கிக் கணக்கின் இருப்பு, பேரேட்டில் டெபாசிட் பொறுப்பின் மொத்தம், வாடகைதாரர் வாரியான பட்டியலின் கூட்டுத்தொகை. மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு ஒத்துப்போனால் போதும் என்று நினைப்பதில்தான் ஆபத்து. நான் ஒரு நிறுவனத்தில் வேலை எடுத்தபோது வங்கி 12,40,000, பேரேடு 12,40,000, இரண்டும் மாதாமாதம் அழகாக ஒத்துப்போகிறது என்று கோப்பில் கையெழுத்தும் இருந்தது. வாடகைதாரர் பட்டியலை யாரும் கூட்டியே பார்க்கவில்லை. கூட்டினேன், 12,22,000 வந்தது. 18,000 எங்கே? முதலில் யாரோ பட்டியலில் ஒரு பெயரை விட்டுவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். பெயர் பெயராகச் சரிபார்த்துக்கொண்டே போனபோது, மூன்று மாதம் முன்பு காலி செய்த ஒரு வீடு கண்ணில் பட்டது. அவர் கடைசி மாத வாடகை கட்டாமல் போனதால், கட்டட மேலாளர் வாடகைச் செயலியில் டெபாசிட்டிலிருந்து 18,000 கழித்துவிட்டார். செயலியில் கணக்கு முடிந்தது. ஆனால் அந்தக் கழிவு கணக்கு மென்பொருளுக்கு வரவே இல்லை, ஏனென்றால் இரண்டுக்கும் இடையிலான இணைப்பு ரசீதுகளை மட்டும்தான் எடுத்து வந்தது, டெபாசிட் கழிவு என்ற வகையை யாரும் சேர்க்கவில்லை. பேரேட்டில் டெபாசிட் அப்படியே, வாடகை பாக்கி அப்படியே, வங்கியிலும் பணம் நகரவில்லை. இத்தனை நாளும் உரிமையாளருக்குச் சேர வேண்டிய வாடகை டெபாசிட் கணக்கில் தூங்கிக்கொண்டிருந்தது.

இதற்குப் பதிவு: டெபாசிட் பொறுப்பில் பற்று 18,000, வாடகைதாரர் பாக்கியில் வரவு 18,000. கூடவே வங்கியில் உண்மையாகவே பணத்தை டெபாசிட் கணக்கிலிருந்து வாடகை வசூல் கணக்குக்கு மாற்ற வேண்டும், பதிவை மட்டும் போட்டுவிட்டுப் பணத்தை மாற்றாமல் விட்டால் அடுத்த மாதம் வேறு இரண்டு எண்கள் ஒத்துப்போகாது. அப்புறம் இணைப்பில் அந்த வகையைச் சேர்க்க வேண்டும். மூன்றாவதை மறந்துவிடாதீர்கள், அடுத்து காலி செய்பவரிடம் இதே கதை திரும்பும்.

இந்த மாதம் வருமானம் குதிக்கிறது, அடுத்த மாதம் படுத்துவிடுகிறது

மூன்று இடம் பாருங்கள். முதலாவது, ஆண்டுச் சந்தா. கட்டட உரிமையாளரிடம் மென்பொருள் சந்தாவாக 12 மாதத்துக்கு 1,20,000 வாங்கினால் அது வாங்கிய மாதத்து வருமானம் அல்ல. மாதம் 10,000 வீதம்தான் வருமானம், மீதி முன்கூட்டிப் பெற்ற வருமானமாகப் பொறுப்பில் இருக்க வேண்டும். மென்பொருளில் அந்தச் சேவைக்கு வருமான அட்டவணை இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். புதிதாக ஒரு சேவையைச் சேர்க்கும்போது பழையதிலிருந்து நகல் எடுக்காமல் வெறுமையாகத் தொடங்கினால் அட்டவணை விட்டுப்போகும்.

இரண்டாவது, மொத்தமா நிகரமா என்ற கேள்வி. நீங்கள் வசூலித்து உரிமையாளருக்குக் கொடுக்கும் வாடகை முழுவதையும் வருமானமாகக் காட்டினால் நிறுவனம் உள்ளதைவிடப் பல மடங்கு பெரிதாகத் தெரியும். 2018 முதல் நடைமுறையில் இருக்கும் ஐஎஃப்ஆர்எஸ் 15 (வருமானத்துக்கான சர்வதேசக் கணக்குத் தரநிலை) கேட்பது இதுதான்: அந்தச் சேவை வாடிக்கையாளருக்குப் போகுமுன் அது உங்கள் கட்டுப்பாட்டில் இருந்ததா? இல்லை, நீங்கள் முகவர் மட்டும்தான் என்றால், உங்கள் கட்டணம் மட்டுமே வருமானம். இதை முதலீட்டாளர் கண்டுபிடிக்குமுன் நீங்களே சரிசெய்துவிடுவது எல்லோருக்கும் நல்லது.

மூன்றாவது, நேரம். கிளவுட் மென்பொருள்கள் பல உலகப் பொது நேரத்தில்தான் பதிவை வைக்கும். அதற்கு 8 மணி நேரம் முன்னால் இருக்கும் ஊரில், 1ஆம் தேதி காலை 6 மணிக்கு ஒருவர் வாடகை கட்டினால், மென்பொருளுக்கு அது முந்தின மாதத்துக் கடைசி நாள் இரவு 10 மணி. வாடகை கட்டுவதே 1ஆம் தேதிதானே, அதனால் மற்ற தொழில்களில் ஓரிரண்டு வரியைப் பாதிக்கும் இந்தக் கோளாறு இங்கே நூறு வரியைப் பாதிக்கும். நிறுவன அமைப்புகளில் நேர மண்டலத்தை மாற்றினால் திரையில் சரியாகத் தெரியும், ஆனால் இணைப்பு எந்த நேரத்தை அனுப்புகிறது என்பதையும் தனியாகப் பார்க்க வேண்டும்.

கட்டட வாடகைச் செலவு இரண்டு தடவை வருகிறது

நீங்களே கட்டடத்தைக் குத்தகைக்கு எடுத்து, அறை அறையாக மறுவாடகைக்கு விடும் நிறுவனம் என்றால் இது வரும். 2019 ஜனவரி 1 முதல், குத்தகைக்கான தரநிலையான ஐஎஃப்ஆர்எஸ் 16 படி, 12 மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையில் பயன்பாட்டு உரிமையைச் சொத்தாகவும், இனிமேல் கட்ட வேண்டியதைப் பொறுப்பாகவும் காட்ட வேண்டும். செலவு தேய்மானமாகவும் வட்டியாகவும் வரும். மென்பொருளில் இதற்கான குத்தகைப் பகுதியை இயக்கிவிட்டு, பழைய மாதாந்திரத் தானியங்கி வாடகைப் பில்லை நிறுத்த மறந்தால், தேய்மானமும் வரும், வாடகையும் வரும். திரும்பத் திரும்ப வரும் பதிவுகளின் பட்டியலைத் திறந்து பழையதை நிறுத்துங்கள், கட்டிய பணம் குத்தகைப் பொறுப்பைக் குறைக்கும்படி கணக்கை மாற்றுங்கள்.

குழுமக் கணக்கை ஒருங்கிணைத்தால் உள்கணக்கு பூஜ்யமாகவில்லை

தாய் நிறுவனம் துணை நிறுவனத்துக்கு 50,000 நிர்வாகக் கட்டணம் போட்டால், ஒரு பக்கம் வர வேண்டியது 50,000, மறுபக்கம் தர வேண்டியது 50,000, ஒருங்கிணைக்கும்போது இரண்டும் அடிபட்டுப் போக வேண்டும். போகவில்லையென்றால் பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் பதிவாகியிருக்கும், அல்லது ஒரு பக்கம் சாதாரண சப்ளையர் பில்லாக ஏறியிருக்கும். மென்பொருளுக்கு அது வெளியாள் பில், அதனால் கழிக்காது. இரு பக்கமும் ஒரே நேரத்தில் உருவாகும் உள்நிறுவனப் பதிவு வசதி இருந்தால் அதை மட்டும் பயன்படுத்துங்கள், கையால் ஜர்னல் போடும் அனுமதியை அந்தக் கணக்குகளில் எடுத்துவிடுங்கள். ஆளாளுக்குக் கையால் போட்ட ஒன்றரை வருட உள்கணக்கைப் பிரித்து உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இதை முதல் நாளே செய்துவிட வேண்டும்.

நாணயம் வேறென்றால் இன்னொரு காரணமும் உண்டு. இரண்டு நிறுவனங்களும் ஒரே பில்லை வேறு வேறு நாள் மாற்று விகிதத்தில் ஏற்றியிருக்கலாம். வெளிநாட்டு நாணயத்துக்கான சர்வதேசத் தரநிலையான ஐஏஎஸ் 21 சொல்லும் முறையில், வெளிநாட்டுத் துணை நிறுவனத்தின் சொத்தும் பொறுப்பும் முடிவுநாள் விகிதத்தில், வருமானமும் செலவும் நடந்த நாள் விகிதத்தில் அல்லது பொருத்தமான சராசரியில் மாற்றப்படும். இதனால் வரும் வித்தியாசம் மூலதனப் பகுதியில் தனியாக நிற்க வேண்டும். அது உங்கள் லாப நட்டக் கணக்கில் வந்து விழுந்தால், கணக்கு வகைப்பாட்டில் தவறு இருக்கிறது, விகிதத்தில் அல்ல. விகிதத்தை மாற்றி மாற்றிப் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

மூடிய மாதத்தின் எண் மாறிவிட்டது

போன மாதம் இயக்குநர் குழுவுக்குக் கொடுத்த லாபம் ஒன்று, இன்று அதே மாதத்துக்கு ரிப்போர்ட் எடுத்தால் வேறு. பதறாமல் தணிக்கைத் தடத்தை (யார் எப்போது எதைப் பதிந்தார், மாற்றினார் என்று மென்பொருள் வைக்கும் குறிப்பு) திறந்து, பதிவுத் தேதி அந்த மாதத்திலும் உருவாக்கிய தேதி மாதம் மூடியபின்னும் இருக்கும் வரிகளை மட்டும் வடிகட்டுங்கள். குற்றவாளி அங்கேதான் இருக்கும். பெரும்பாலும் பின்தேதியிட்ட சப்ளையர் பில், அல்லது செயலியில் யாரோ ரத்து செய்த பழைய ரசீது. பல மென்பொருள்களில் இரண்டு வகைப் பூட்டு உண்டு: ஒன்று எச்சரித்துவிட்டு அனுமதிக்கும், மற்றது அடியோடு தடுக்கும். கணக்குப் பிரிவுக்கு இரண்டாவதைப் போட்டாலும், இணைப்புக்கு நிர்வாகி உரிமை கொடுத்திருந்தால் அது பூட்டைத் தாண்டிப் போய்விடலாம். இணைப்புக்கென்று குறைந்த உரிமையுள்ள தனிப் பயனர் வையுங்கள். எந்தப் புதுப் பதிவும் இல்லாமல் கட்டட வாரி எண் மட்டும் மாறியிருந்தால், யாரோ பழைய பதிவுகளின் டேகை, அதாவது எந்தக் கட்டடத்துக்கு உரியது என்ற அடையாளத்தை, மாற்றியிருக்கிறார்கள்.

இறக்குமதி செய்த சிஎஸ்வி கோப்பு குளறுபடி

சிஎஸ்வி என்பது மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து வைக்கும் எளிய கோப்பு. அதை இடையில் எக்செல்லில் திறந்து சேமித்தீர்களா? எண்ணாக நினைத்துக்கொண்டு முன்னால் இருக்கும் பூஜ்யங்களை எக்செல் தூக்கிவிடும், 0047 என்ற வீட்டு எண் 47 ஆகும், மென்பொருள் புது வீடு என்று நினைத்து இன்னொன்றை உருவாக்கும். 15 இலக்கத்துக்கு மேற்பட்ட எண்ணில் மிச்ச இலக்கங்கள் பூஜ்யமாகிவிடும், நீளமான பரிவர்த்தனை எண்கள் இப்படித்தான் ஒன்றுபோல ஆகிவிடுகின்றன. அந்த நெடுவரிசைகளை எழுத்து வடிவில் இறக்குங்கள், அல்லது எக்செல்லைத் தொடாமல் நேராக ஏற்றுங்கள்.

தேதிக்கு ஓர் அழகான அறிகுறி இருக்கிறது. நாள், மாதம் என்ற வரிசையில் உள்ள ஏப்ரல் கோப்பை, மாதம், நாள் என்று படிக்கும் மென்பொருளில் ஏற்றினால், 1 முதல் 12 வரையான தேதிகள் வருடம் முழுக்கச் சிதறும், எல்லாமே 4ஆம் தேதியாக இருக்கும். ஜனவரி 4, பிப்ரவரி 4, மார்ச் 4 என்று. 13 முதல் உள்ளவை பிழை என்று திரும்பி வரும். ஒரே நாள் எண் பன்னிரண்டு மாதத்திலும் நிற்பதைப் பார்த்தால் வேறு எதையும் தேட வேண்டாம், அந்த இறக்குமதியை முழுவதுமாகத் திரும்பப் பெற்று, தேதி வடிவத்தை ஆண்டு-மாதம்-நாள் என்று மாற்றி மறுபடி ஏற்றுங்கள்.

கட்டட வாரி லாபத்தில் "வகைப்படுத்தாதவை" பெருத்துக்கொண்டே போகிறது

பதிவில் கட்டட டேக் கட்டாயமாக்கப்படவில்லை, அவ்வளவுதான். லாப நட்டக் கணக்கில் வரும் எல்லாப் பதிவுக்கும் அதைக் கட்டாயமாக்குங்கள். கட்டடத்துக்கு ஒரு கணக்கு என்று "மின்சாரம் அ கட்டடம்", "மின்சாரம் ஆ கட்டடம்" எனக் கணக்குப் பட்டியலையே வளர்த்திருந்தால் அதை நிறுத்திவிட்டு, மின்சாரம் ஒரே கணக்கு, கட்டடம் டேகில் என்று மாற்றுங்கள். 60 கட்டடம் வந்தபின் இதை மாற்றுவது பெரும்பாடு, 6 இருக்கும்போதே செய்துவிட்டால் ஒரு வார வேலை.

மூன்று நாளாகப் புதுப் பதிவே வரவில்லை, பிழை என்றும் எதுவும் காட்டவில்லை

இணைப்பின் பதிவேட்டைப் பாருங்கள். அங்கே பிழைக் குறியீடு 401 என்றால் அனுமதி டோக்கன் காலாவதியாகிவிட்டது, அல்லது இணைப்பை ஏற்படுத்திய ஊழியர் வேலையை விட்டுப்போய் அவருடைய கணக்கை மூடிவிட்டார்கள். மறுபடி இணைத்தால் சரி. 429 என்றால் குறுகிய நேரத்தில் அளவுக்கு மீறிக் கேட்டிருக்கிறீர்கள், இடைவெளி விட்டுக் கேட்கும்படி மாற்ற வேண்டும். பதிவு அடியோடு நிற்காமல், குறியீடு எதுவும் இல்லாமல் தினமும் சரியாக 100 வரி மட்டும் வருகிறதென்றால், முதல் பக்கத்தை மட்டும் வாங்கிக்கொண்டு அடுத்த பக்கத்தைக் கேட்கவில்லை. வீடுகள் 100ஐத் தாண்டிய மாதம்தான் இது தெரியவரும்.

மறுபடி இணைத்ததும் விடுபட்ட நாட்களை ஏற்றும்போது தேதி வரம்பைச் சரியாகக் கொடுங்கள், ஏற்கெனவே வந்த நாளையும் சேர்த்துக் கொடுத்தால் மேலே சொன்ன இரட்டை ரசீது வந்து நிற்கும்.

எல்லாம் பார்த்தும் பிடிபடவில்லை

அப்போது மென்பொருள் நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கு எழுதுங்கள். "ரிப்போர்ட் தப்பாக வருகிறது" என்று எழுதினால் இரண்டு நாள் கழித்து "எந்த ரிப்போர்ட்?" என்று பதில் வரும். ஒரே ஒரு பரிவர்த்தனையை மட்டும் எடுத்து, அதன் எண், எந்த நிறுவனம், வாடகைச் செயலியில் என்ன தொகை எந்த நேரம், கேட்வேயில் என்ன, பேரேட்டில் என்ன, வங்கியில் என்ன என்று நான்கு வரி எழுதுங்கள். எந்த வரியில் முதன்முதலாக எண் மாறுகிறது என்பதைச் சுட்டிக்காட்டுங்கள், கடைசியாகச் சரியாக வந்த தேதியையும் சொல்லுங்கள். வாடகைதாரர் பெயர், தொலைபேசி எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றை ஸ்கிரீன்ஷாட்டில் மறைத்துவிட்டு அனுப்புங்கள். பாதி நேரம், இந்த நான்கு வரியை எழுதி முடிப்பதற்குள் உங்களுக்கே விடை கிடைத்துவிடும், கடிதத்தை அனுப்ப வேண்டியிருக்காது.